மாணாக்கர் பெயர்வும் ஆசான் பொறுப்பும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டை செல்லும் வழியில், கடலை அண்டி அமைந்த பழம்பதி திரியாய். வயல்வெளியைக் கடந்து குன்றேறினால், வட்டமாக நிறுத்தப்பெற்ற கற்றூண் வரிசைகளின் நடுவே சிறியதொரு தாதுகோபம் காட்சி தரும். அக்குன்றின் பாறையொன்றில் வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. பல்லவ கிரந்தத்தை ஒத்த அதன் எழுத்தமைதி கொண்டு, அது கி.பி. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டுக்குரியது என அறிஞர் கொள்வர். திரபுஸகர், வல்லிககர் என்னும் பெயர் தாங்கிய வணிகக் குழுவினர் இத்தலத்தை அமைத்தனர் என அச்சாசனம் கூறுகின்றது.

வணிகர் அமைத்த இத்தலத்தில் வாழ்ந்தோர் துறவியர். பௌத்தப் பள்ளி என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று. ஆசானும் மாணாக்கனும் ஒருங்கு உறைந்து பயிலும் கல்விக்கூடமுமாகும். பயில வந்தவன் ஆசானை விட்டு நீங்கினால், பிழை யாருடையது? பள்ளிகள் தோன்றிய நாள்தொட்டு எழுந்துவரும் வினா இது.

இலங்கையில் பேணப்பட்டுவரும் விநய நூலான மகாவக்கம் இதற்கு விடை வகுத்திருக்கின்றது. புதிய துறவி, ஆற்றல் வாய்ந்தவனாயின், 5 ஆண்டுகள் ஆசானைச் சார்ந்து வாழ்தல் வேண்டும். ஆசானாக அமர்பவனோ துறவு பூண்டு 10 ஆண்டுகள் நிறைந்தவனாதல் வேண்டும். மாணாக்கன் ஆசானைத் தந்தையாகவும், ஆசான் மாணாக்கனை மகனாகவும் கருதக் கடவர். மாணாக்கன் நோயுற்றால், பல் விளக்கும் குச்சியும் வாய் கொப்புளிக்க நீரும் கொடுத்து ஆசானே பணிவிடை செய்தல் வேண்டும்.

இவ்வுறவு அற்றுப்போகும் காரணங்கள் ஐந்து என அந்நூல் எண்ணுகின்றது. ஆசான் அகன்று செல்லுதல், துறவைக் கைவிடுதல், இறத்தல், வேறு பக்கம் சார்தல், மாணாக்கனை விலக்குதல் என்பன அவை. ஐந்தும் ஆசான் பக்கத்து நிகழ்ச்சிகளே என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஒழுக்கம் தவறாத மாணாக்கனை விலக்கும் ஆசானும், மன்னிப்புக் கேட்டவனை ஏற்க மறுக்கும் ஆசானும் குற்றவாளிகளே. மாணாக்கனைக் கட்டிய கயிற்றின் மறுமுனை ஆசானின் கையிலும் கட்டப்பட்டிருந்தது.

அதே வினா அண்மைக் காலத்தில் மிகக் கூர்மையாக எழுந்த இடம் முற்றிலும் வேறானது. அது ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துக் களம். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அமைத்த இவ்விளையாட்டு, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெருமைக்கும் பெருவருவாய்க்கும் வழியாயிற்று. அங்கே நெடுங்காலம் நிலவிய விதி கயிற்றை ஒரு முனையில் மட்டுமே கட்டியது. வேறு பல்கலைக்கழகத்துக்குப் பெயரும் ஆட்டக்காரன் பொதுவாக ஓராண்டு ஆடாது காத்திருத்தல் வேண்டும். பயிற்றுநரோ கூடுதல் ஊதியம் நாடிச் சென்றால் மறு பருவத்திலேயே புதிய அணியை நடத்தலாம்.

ஆட்டக்காரர் பெயர்வதற்குக் காரணங்கள் பல. இந்தியானா மாநிலத்துச் சிற்றூரான பிரெஞ்சு லிக்கைச் சேர்ந்த லாறி பேர்ட் என்னும் இளைஞர், 1974-இல் புகழ்பெற்ற பயிற்றுநர் பொப் நைற்றை நாடி இந்தியானாப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். பேரூர் போன்ற அவ்விடத்தின் பரப்பும், கையிற் பணமின்மையும் அவரை அச்சுறுத்தின. ஒரு மாதம் நிறையுமுன் ஊர் திரும்பினார். நகரசபையில் குப்பை அள்ளும் பணியும் செய்தார். பின்னர் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1979-இல் அவ்வணியைத் தேசிய இறுதியாட்டம் வரை உயர்த்தினார். இங்கே பயிற்றுநர் இழைத்த கொடுமை எதுவும் இல்லை. ஆயினும், தனிமையுற்ற மாணாக்கனின் முகவாட்டத்தை உற்றறிதல் ஆசானின் கடனன்றோ? நோயுற்றவனுக்கு நீர் கொடுக்கச் சொன்ன விதியின் உட்பொருள் அதுவே.

இன்னொரு பெயர்வு வேறு வகையினது. 1997-இல் நீல் றீட் என்னும் ஆட்டக்காரர் அதே நைற்றின் அணியை விட்டு நீங்கினார். பயிற்சியின்போது பயிற்றுநர் தம் கழுத்தைப் பற்றினார் என்று 2000-ஆம் ஆண்டில் அவர் கூறினார். நைற் அதனை மறுத்தார். ஆனால், அக்காட்சி பதிவான ஒளிநாடா விரைவில் வெளியாயிற்று. மும்முறை தேசிய வாகை சூடிய அப்பயிற்றுநருக்குப் பல்கலைக்கழகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. செப்டம்பரில், வேறொரு நிகழ்ச்சியை அடுத்து, அவர் பதவி நீக்கப்பட்டார். விட்டு நீங்கியவரின் குற்றச்சாட்டு வெளிவர மூன்றாண்டுகள் ஆயின என்பதே இதில் வருந்தத்தக்கது.

இவ்விரண்டினும் மிகுதியாக நிகழ்வது களத்தில் ஆட வாய்ப்பின்மையால் வரும் பெயர்வு. ஓர் ஆட்டம் 40 நிமிடங்கள். ஒரு வேளையில் ஆடுவோர் ஐவர். ஆகவே பங்கிட உள்ளவை 200 நிமிடங்களே. பல்லாண்டுகளாக ஓர் அணிக்கு 13 உதவிப்பணங்கள் வழங்கப்பட்டன. சமமாகப் பகிர்ந்தாலும் ஒருவருக்கு 15 நிமிடங்களுக்குச் சற்று மேலாகவே கிடைக்கும். இக்கணக்கை அறிந்தும், அழைக்கச் சென்ற வீடுதோறும் முதலிடம் தருவதாக வாக்களிக்கும் பயிற்றுநர், பின்னர் நேரும் பிரிவுக்குத் தாமே வித்திடுகின்றார்.

விதி இப்போது மாறிவிட்டது. 2018 ஒக்டோபர் முதல், பெயர விரும்புவோர் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அறிவித்தல் போதும். 2021-இல் ஒரு முறையும், 2024-இல் எத்தனை முறையும், கல்வித் தகுதி குன்றாதவர் காத்திராமலே பெயரலாம் என்றாயிற்று. 2021 முதல் ஆட்டக்காரர் தம் பெயரால் பொருளீட்டலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே பணம் கொடுக்கலாம். எனவே, எல்லாப் பெயர்வுக்கும் பயிற்றுநரைப் பழித்தல் நேர்மையாகாது. மிகுபொருள் நாடிச் செல்பவனும், போட்டிக்கு அஞ்சிச் செல்பவனும் தத்தம் பங்கைத் தாமே ஏற்றல் வேண்டும். 2024-இல் பயிற்றுநர் ஜோன் கலிப்பாரி கென்ரக்கியிலிருந்து ஆர்கன்சாவுக்குச் சென்றபோது, அவரிடம் ஆடிய சிலர் அவரையே பின்தொடர்ந்தனர். மாணாக்கர் தேடுவது ஊரையோ கொடியையோ அன்று, ஆசானையே என்பதற்கும் இது சான்று.

கட்டு முழுவதும் அவிழ்ந்த இக்காலத்தில் மாணாக்கனை நிறுத்தி வைக்கக்கூடியது மெய்யான வாக்கும் பரிவுமே. ஒருவன் பெயர்ந்தால் அவனை வினவலாம். ஆண்டுதோறும் பலர் பெயர்ந்தால் ஆசானையே வினவுதல் முறை. திரியாய்க் குன்றில் அன்று வாழ்ந்த ஆசானும் இன்று இல்லை, மாணாக்கனும் இல்லை, தூண்கள் எஞ்சியுள்ளன. ஆயினும், அத்தகைய பள்ளிகளை ஆண்ட பழைய விதி, கடமையை இருவர் தோளிலும் ஏற்றியது. கல்விக்கூடமாயினும் களமாயினும், அவ்விதியைக் கைவிட்ட இடத்தில் மாணாக்கர் நிலைத்து நிற்பதில்லை.