அனுமதி ஒரு நோய்க்கு, பயன் வேறொரு நோய்க்கு

அரசு ஒரு மருந்துக்கு அனுமதி அளிக்கும்போது, அஃது இன்ன நோய்க்கு உரியது என்று வரையறுத்தே அளிக்கின்றது. மருத்துவரோ தம் பட்டறிவு கொண்டு அதே மருந்தைப் பிறிதொரு நோய்க்கும் எழுதிக் கொடுப்பதுண்டு. அம்மருந்தின் விலையைக் காப்புறுதி நிறுவனம் ஏற்க வேண்டுமா? ஐக்கிய அமெரிக்க நாட்டில் இவ்வினா வளர்ந்த வரலாறு அறியத்தக்கதாகும்.

1937ஆம் ஆண்டில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை நச்சு நீர்மம் ஒன்றில் கரைத்து விற்றமையால் அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்தின் தீங்கின்மையை விற்பனைக்கு முன்னரே மெய்ப்பிக்க வேண்டுமென்று 1938இல் சட்டம் பிறந்தது. பின்னர், 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார் உண்டதால், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தைச் சேர்ந்த டாக்டர் பிரான்சிஸ் கெல்சி அம்மையார், சான்று போதாது என்று அனுமதியைத் தடுத்து நிறுத்தினார். அந்த அதிர்ச்சியின் பயனாக 1962இல் சட்டம் திருத்தப்பெற்றது. தீங்கின்மையோடு, குறித்த நோயைத் தீர்க்கும் ஆற்றலையும் நிறுவுதல் கட்டாயமாயிற்று.

இச்சட்டம் மருந்து செய்வோரைக் கட்டுப்படுத்தியதேயன்றி மருத்துவரைக் கட்டுப்படுத்தவில்லை. அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கும் மருத்துவர் எழுதலாம் என்பதை ஆணையமே 1982இல் தெளிவுபடுத்தியது. புதிய பயன் ஒவ்வொன்றுக்கும் ஆய்வு நடத்தி அனுமதி பெறுவதற்குப் பெரும்பொருள் வேண்டும். காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்கு அச்செலவை ஏற்க எவரும் முன்வருவதில்லை. ஆகவே குழந்தைகளும் அரிய நோயுற்றோரும் இவ்வகை மருந்துகளையே பெரிதும் நம்பி வாழ்கின்றனர்.

காப்புறுதி நிறுவனங்களோ, அனுமதியில் இல்லாத பயனைச் “சோதனை நிலையிலுள்ளது” என்று கூறிப் பணம் தர மறுத்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1991இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகையவே. இதன் பின்னர் 1993இல் இயற்றப்பட்ட சட்டம், முதியோர்க்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்புறுதிக்கு ஒரு வழி வகுத்தது. அதன்படி, ஏற்றுக்கொள்ளப்பெற்ற மருந்துத் தொகுப்பு நூல்கள் ஆதரிக்குமாயின், புற்றுநோய் மருந்தின் அனுமதியில்லாப் பயனுக்கும் பணம் கிடைக்கும்.

தாலிடமைடின் பிற்கால வரலாறு வியப்புக்குரியது. தொழுநோயாளர்க்கு உண்டாகும் ஒருவகைத் தோல் அழற்சிக்காக 1998இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. எலும்பு மச்சையில் தோன்றும் மைலோமா என்னும் புற்றுநோயையும் அது தணிப்பதாக 1999இல் ஆய்வொன்று காட்டிற்று. அந்நோய்க்கு அனுமதி கிடைத்ததோ 2006இல்தான். இடைப்பட்ட ஏழாண்டுகளில் அதனை உண்ட மைலோமா நோயாளர், அனுமதி ஏட்டில் இல்லாத மருந்தையே உண்டனர். நோய் ஏழாண்டு காத்திருப்பதில்லை.

எனினும் மறுபுறமும் உண்டு. வலிப்பு நோய்க்குரிய காபாபென்டின் மருந்தை அனுமதியில்லாப் பயன்களுக்கு விளம்பரம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம், 2004இல் 43 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. கேட்டதற்கெல்லாம் பணம் தந்தால் வணிகர் ஆசைக்கு நோயாளர் இரையாவர் என்பதற்கு இது சான்று.

2006இல் நடைமுறைக்கு வந்த மெடிகேர் மருந்துத் திட்டமும் தொகுப்பு நூல்களையே துணைக்கொண்டது. புற்றுநோய்க்கு ஆய்விதழ்ச் சான்றும் பின்னர் ஏற்கப்பட்டது. பிற நோய்களுக்கு ஏற்கப்படவில்லை. அரிய நோயுற்றவர் ஒருவர்க்கு நல்ல ஆய்வும் மருத்துவர் சொல்லும் துணைநின்றும், தொகுப்பு நூலில் ஒரு வரி இல்லாமையால் கைப்பணம் இழக்க நேர்கின்றது. விளம்பரத்தையும் சான்றையும் வேறுபிரித்து அறிவது தேவையே. ஆயின் சான்று உள்ளவிடத்தும் நோயின் பெயர் நோக்கி மறுப்பது அறமாகுமா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினாவாகும்.