வந்துவிட்டது என்ற நினைப்பு

வையம்பட்டியில் பழைய பேப்பர் கடைத் தராசில் சென்ற மாதம் ஒரு தமிழாசிரியரின் நூல் சேகரம் ஏறியது. ஆசிரியர் காலமாகிவிட்டார். "எல்லாம் இப்ப செல்லுலயே கெடைக்குது சார்" என்றார் மகன். இந்தச் சமாதானம் தமிழுக்குப் புதிதல்ல.

ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தாம். திரும்பத் திரும்பப் படி எடுத்ததால் நூல்கள் பிழைத்தன. அச்சு வந்தபின் படி எடுப்பது நின்றது. அச்சேறாதவற்றில் பல ஏட்டோடு போயின. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே. சாமிநாதையரிடம், சிதைந்த சுவடிகளை ஹோமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 'என் சரித்திரம்' இதைப் பதிவு செய்கிறது. எரித்தவர்கள் சாஸ்திரப்படியே எரித்திருக்கிறார்கள்.

சரி, அச்சேறியவற்றுக்கு ஏடு எதற்கு? 1887இல் வந்த சீவக சிந்தாமணி, பல ஏடுகளை ஒப்பிட்டுச் சாமிநாதையர் செய்த தேர்வு. அத்தேர்வைச் சோதிக்க ஏடுதான் சாட்சி. தாளுக்கும் இதே நியாயம். 2000இல் ஆ.இரா. வேங்கடாசலபதி புதுமைப்பித்தன் கதைகளுக்குச் செம்பதிப்பு செய்தபோது, மணிக்கொடி முதலான இதழ்களின் பழைய பக்கங்களுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. புத்தகமாகத்தான் வந்துவிட்டதே என்று எல்லோரும் அவ்விதழ்களை எடைக்குப் போட்டிருந்தால்? இப்படிப்பட்ட தாள்கள் எஞ்சுவது பெரும்பாலும் தனிமனிதப் பித்தினால். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். அவர் சேர்த்தவை 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

திரையை நான் பழிக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்கு வேறிடத்தில் படி இருந்திருந்தால் இழப்பு அத்தனை முழுமையாக இருந்திராது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூல்களுக்காகத் தொடங்கிய நூலகத் திட்டமும் பெரிய காரியங்கள். ஆனால் மின்கோப்பு, ஓலையைப் போல, படி எடுப்பவன் இருக்கும்வரைதான் வாழும். தாளைப் பரணில் மறந்தாலும் ஒரு தலைமுறை காத்திருக்கும். கோப்பை மறந்தால் அதைத் திறக்கும் கருவியே வழக்கொழிந்து போகும். வங்கியில் அன்றாடக் கணக்குக்கே மறுபிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கிறோம். இலக்கியத்துக்கு அந்தக் குமாஸ்தா யார்?

அச்சுப் புத்தகம் இனிக் குறைவாகவே விற்கலாம். முந்நூறு பிரதி அடித்துப் பழகிய சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது அதிர்ச்சி தராது. முந்நூறு வீடுகளில் சிதறிக் கிடப்பதுதான் அதன் காவல்.

தராசிலிருந்து பதினோரு புத்தகங்களை விலை கொடுத்து மீட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவற்றில் நான்கு எந்தத் திரையிலும் அகப்படவில்லை.