உடம்பு வேண்டும், ஆள் வேண்டாம்

திருவண்ணாமலையில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் செல்போனில் ஒரு ஓட்டத்தைக் காட்டினார். 2024 மார்ச்சில் கிளாஸ்கோவில் நடந்த உலக உள்ளரங்கத் தடகளப் போட்டி, ஆண்கள் 60 மீட்டர் தடை ஓட்டம். 106.7 சென்டிமீட்டர் உயரத்தில் ஐந்து தடைகள். அமெரிக்காவின் கிராண்ட் ஹாலோவே 7.29 வினாடியில் முடித்துவிட்டார். "கறுப்பர்களுக்கு உடம்பு வாகே அப்படி, இல்லையா தோழர்?" என்று கேட்டார் அந்த மாணவர்.

இந்தக் கேள்வியை நாம் சும்மா விட முடியாது. "உங்காளுங்களுக்கு உழைச்ச உடம்பு" என்று நம் ஊரிலும் பாராட்டுவார்கள். மூட்டை தூக்கவும் குழி வெட்டவும் கூப்பிடும்போது மட்டும் வரும் பாராட்டு அது. உடம்பு வாகுதான் காரணம் என்றால், 2008இல் வலென்சியாவில் இதே பட்டத்தைச் சீனாவின் லியு சியாங் எப்படி வென்றார்?

ஹாரிசன் டில்லார்டை எடுத்துக்கொள்வோம். கிளீவ்லாந்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் கறுப்பர்களுக்கென்று தனியாகப் பிரிக்கப்பட்ட படைப்பிரிவில் இத்தாலியில் போரிட்டார். திரும்பி வந்து 1947–48இல் தொடர்ச்சியாக 82 ஓட்டங்களில் வென்றார். ஆனால் 1948 ஒலிம்பிக் தேர்வில் தடைகளில் இடித்து, ஓட்டத்தையே முடிக்க முடியாமல் போனார். 100 மீட்டருக்கு மூன்றாவது ஆளாகத் தேறி, லண்டனில் தங்கம் வென்றார். தடை ஓட்டத் தங்கத்துக்கு 1952 ஹெல்சிங்கி வரை காத்திருந்தார். இதில் உடம்பு எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு?

உள்ளரங்கத் தடகளத்துக்குக் கூரை வேண்டும், பணம் வேண்டும். அமெரிக்காவில் அவை பெரும்பாலும் வெள்ளையர் கிளப்புகளின் கையில் இருந்தன. நியூயார்க் அத்லெடிக் கிளப் கறுப்பர்களையும் யூதர்களையும் உறுப்பினராகச் சேர்க்காமல் ஒதுக்கியதற்குப் பெயர்போனது. அது நடத்தும் போட்டிக்குக் கூட்டம் சேர்ப்பவர்களோ கறுப்பின வீரர்கள். ஓடலாம், பதக்கம் வாங்கலாம், ஆனால் உறுப்பினராக முடியாது. பறை இல்லாமல் சாமி புறப்படாது, பறையடிப்பவர் மட்டும் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை அறிந்த நமக்கு இது புதிதா?

1968 பிப்ரவரி 16 அன்று அந்தக் கிளப் தன் நூற்றாண்டுப் போட்டியைப் புதிதாகத் திறந்த மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வைத்தது. அதைப் புறக்கணிக்கச் சொன்னவர் ஹாரி எட்வர்ட்ஸ். சான் ஹோசே கல்லூரியில் சமூகவியல் கற்பித்த 25 வயது இளைஞர், முன்னாள் வட்டு எறிதல் வீரர். (சமூகவியல் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்டால் இவரைச் சொல்லலாம்.) கறுப்பின வீரர்களில் சிலர் மட்டுமே உள்ளே போனார்கள். சோவியத் வீரர்கள் விலகிக்கொண்டார்கள். வெளியே மறியல் நடந்தது. கிளப்பின் கதவு மறுநாளே திறந்துவிடவில்லை. ஆனால் கறுப்பர்கள் ஓடாவிட்டால் அந்தப் போட்டி என்னவாகும் என்பதை ஊரே பார்த்துவிட்டது. பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நம் முன்னோர் நின்றதும் இதே கணக்கில்தான்.

நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30 அன்று. சுமார் 80 ஆண்டுத் தடை அது. அன்றும் காவல்துறைப் பாதுகாப்போடுதான் போக வேண்டியிருந்தது.

"அப்போ அன்னைக்கு உள்ளே போய் ஓடுனவங்க துரோகிகளா?" என்று இன்னொரு மாணவி கேட்டார். அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. மறியலைத் தாண்டி உள்ளே போனவர்களில் நீளம் தாண்டும் பாப் பீமனும் ஒருவர். இரண்டே மாதத்தில், கறுப்பர்களை இழிவாக நடத்திய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு போட்டியிட மாட்டேன் என்று அவரே மறுத்தார். அதற்காக அவருடைய பல்கலைக்கழகம் உதவித்தொகையைப் பறித்தது. அக்டோபரில் மெக்சிகோவில் அவர் 8.90 மீட்டர் தாண்டினார்.