தோட்டத்துக் கள்ளுக்கடை

இங்கிலாந்துக் கிராமத்துக்கு ‘பப்’ எப்படியோ, மலாயாத் தோட்டத்துக்குக் கள்ளுக்கடை அப்படி. ஆனால் ‘பப்’பில் ஊரின் பல தரப்பாரும் உட்காருவார்கள், இங்கே தொழிலாளி மட்டும்தான். துரைமாருக்குத் தனிக் கிளப். பல தோட்டங்களில் சம்பளம் கொடுத்த நிர்வாகமே கடையையும் நடத்தியது. இலாபம் தொழிலாளர் நலனுக்கு என்றார்கள். அதுவும் அவர்கள் கூலியிலிருந்து வந்த காசுதானே!

தென்னங்கள் காலையில் இனிக்கும், மாலைக்குள் புளித்துவிடும். அன்றே விற்றாக வேண்டும். பால்மரம் வெட்டி முடித்தவர்களுக்கு அலுப்பு தீர வேறு இடமும் இல்லை.

1941இல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின், பினாங்கை அடுத்த கெடாவில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கடைகளை மறித்தது; 1947இல் பீடோங்கில் அது போலீசாருடன் மோதலில் முடிந்தது.

பிற்காலத்தில் கள்ளுக்கடைகள் குறைந்தன, குடி குறையவில்லை. பல மடங்கு காரமான மலிவுச் சம்சு லயங்களுக்குள் நுழைந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது இந்தச் சம்சுவை எதிர்த்துத்தான்.