ஆற்றங்கரையில் காத்திருந்த ஓவியம்

ஓர் ஊரின் வரலாற்றைக் கட்டடங்கள் மட்டும்தானா சொல்லும்? இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் வட்டாரத்தில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் சிற்றூர் குக்கம். 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் 1867-இல் எழுந்த இரும்புப் பாலமும் அதன் அடையாளங்கள்.

ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் 1891-இல் அங்குதான் பிறந்தார். ஆற்று அன்னங்களைப் பிடித்துக் கணக்கெடுக்கும் வழக்கத்தை, அந்தப் பாலத்தோடு சேர்த்து 1915-இல் வரையத் தொடங்கினார். ஓவியம் பாதியில் நிற்க, ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். அண்ணன் சிட்னியை 1918-இல் போர் பறித்துக்கொண்டது. ஊர் திரும்பிய ஸ்பென்சர், 1919-இல் ஓவியத்தை முடித்தார். ஆறும் பாலமும் அப்படியே இருந்தன, அண்ணன்தான் இல்லை.

1959-இல் ஸ்பென்சர் மறைந்தார். சிறுவயதில் அவர் வழிபட்ட மெதடிஸ்ட் ஆலயம், 1962-இல் அவரது ஓவியக்கூடமானது. இழப்புக்குப் பிறகும் விட்ட பணியைத் தொடர்ந்த ஒரு மனிதரின் உறுதியும் இன்று அவ்வூரின் வரலாறுதான்.