கையால் தைத்த தொப்பி

நாட்டுக்காகக் கால்பந்து ஆடுபவர்களுக்குத் துணித்தொப்பி ஒன்றை அளித்துச் சிறப்பிப்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். ஆனால் 1972ஆம் ஆண்டு முதன்முதலாக நாட்டின் பெயரால் அதிகாரபூர்வமாகக் களம் இறங்கிய மகளிர் அணிக்கு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அத்தொப்பியை அளிக்கவில்லை. மகளிர் கால்பந்துச் சங்கத்தில் தொண்டாற்றிய ஃப்ளோ பில்டன் என்னும் பெண்மணி, தம் கையாலேயே தொப்பிகளைத் தைத்துக் கொடுத்தார். அந்த அணியின் தலைவி ஷீலா பார்க்கர்.

இந்தப் பாராமுகத்தின் வேர் அரை நூற்றாண்டுக்கு முற்பட்டது. முதல் உலகப் போரின்போது பிரெஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலையில் போர்த்தளவாடம் செய்த பெண்கள் ஓர் அணியை அமைத்து, அறப்பணிகளுக்கு நிதி திரட்ட ஆடினர். 1920 டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூலில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மன்றங்களின் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

தடை நிலவிய அக்காலத்தில் வளர்ந்தவர் ஷீலா. லங்காஷயர் மாவட்டத்துச் சோர்லியில் 1947இல் பிறந்த அவர், 13ஆம் வயதில் அதே பிரெஸ்டன் அணியில் சேர்ந்தார். நாட்டுக்கு ஆடும் நாள் வரும் என்று அன்று எவரும் அவருக்கு உறுதி கூறியிருக்க முடியாது.

அந்த நாள் 1972 நவம்பர் 18. ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரில், கடுங்குளிரில், சில நூறு பேரே பார்த்திருக்க ஆட்டம் தொடங்கியது. ஸ்காட்லாந்து இரு கோல்கள் முந்தியது. ஷீலாவின் அணி தளரவில்லை. சில்வியா கோர் இங்கிலாந்தின் முதல் கோலை அடித்தார். முடிவில் 3-2 என வெற்றி கிட்டியது.

1976இல் தலைமைப் பொறுப்பு கேரல் தாமஸ் என்னும் இளம்பெண்ணிடம் சென்றது. ஷீலா ஒதுங்கிவிடவில்லை, தலைமை ஏற்றிருந்த அணியிலேயே 1983 வரை ஆடினார். கேரல் அந்த அணியை 1984இல் ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார்.

2008இல் கால்பந்துச் சங்கம் அப்பழைய தடைக்காக மன்னிப்புக் கோரியது. 2022 ஜூலை 31 அன்று வெம்பிளி அரங்கில் இங்கிலாந்து மகளிர் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது 87,192 பேர் கண்டு களித்தனர்.

நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி ஒன்றை விரும்பிக் கற்க முனையும்போது, ‘இது பெண்ணுக்குப் பொருந்தாது’ என்று சொல்ல நம் நாவும் எழுவதுண்டு. அவ்வேளையில் 1921ஐ நினைத்துக்கொள்வோம். சொல்ல ஒரு நாள் போதுமாயிருந்தது. அதனைத் திருத்த ஒரு வாழ்நாளும் போதவில்லை. தடுப்பவராய் இராமல், ஊசியும் நூலும் எடுத்து அமர்ந்த ஃப்ளோ பில்டனைப் போல் இருப்பது நம்மால் இயலாததன்று.