இரண்டு கொடிகளோடு மூழ்கிய கப்பல்

1949 டிசம்பர் 2. இங்கிலாந்தின் தெற்கே, வைட் தீவுக்கு அப்பால், ஒரு பழைய மரக்கப்பலை இழுத்துப்போய் வெடிவைத்து மூழ்கடித்தார்கள். அதில் இரண்டு கொடிகள் பறந்தன. ஒன்று பிரிட்டனுடையது, இன்னொன்று பிரான்சுடையது. வெடித்த பிறகும் அது உடனே மூழ்கிவிடவில்லை.

1800-இல் பிரான்சின் ரோஷ்ஃபோரில் கடலில் இறங்கியபோது அதன் பெயர் துகே-த்ருவேன். 74 பீரங்கிகள். எதிரிக் கப்பல்களைப் பிடித்தே பேர் வாங்கிய, 1711-இல் ரியோ டி ஜெனிரோவையே பிடித்த பிரெஞ்சுக் கடலோடி ஒருவரின் பெயர் அது. அவர் பேர் வச்ச கப்பலே பிடிபட்டதுதான் வேடிக்கை.

1805 டிரஃபால்கர் போரில் பிரெஞ்சு அணி சிதறியபோது நான்கு கப்பல்கள் சேர்ந்து தப்பின. அதில் இதுவும் ஒன்று. இரண்டே வாரம்தான். நவம்பர் 4 அன்று ஸ்பெயினின் வடக்கே ஓர்ட்டேகால் முனையருகே பிரிட்டிஷ் தளபதி ஸ்ட்ராச்சன் நான்கையும் பிடித்தார். துகே-த்ருவேனின் கேப்டன் அந்தச் சண்டையில் இறந்துபோனார்.

பிடித்ததை ஏன் எரிக்கவில்லை? ஒரு பெரிய போர்க்கப்பல் என்பது ஆயிரக்கணக்கான ஓக் மரங்கள், சில வருட உழைப்பு. பிடித்த கப்பலை அரசு வாங்கிக்கொண்டால் மாலுமிகளுக்கும் பங்கு கிடைக்கும். அதனால் பேரை மட்டும் மாற்றினார்கள்: இம்ப்ளாக்கபிள், அதாவது சமாதானத்துக்கு இசையாதவன்.

1808-இல் பால்டிக் கடலில் ரஷ்யாவின் விசெவோலோத் கப்பலை அது நொறுக்கியது. 1840-இல் சிரியக் கடற்கரைப் போர். 1855 முதல் பையன்களுக்குக் கடல்தொழில் சொல்லித்தரும் பயிற்சிக் கப்பல்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது மரம் உளுத்திருந்தது. பிரிட்டனில் சாப்பாட்டுக்கே ரேஷன். பிரான்சிடம் 'நீங்க எடுத்துக்கிறீங்களா?' என்று கேட்டார்கள். அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பணமில்லை என்பது உண்மையான காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் டிரஃபால்கரில் நெல்சன் நின்ற விக்டரி கப்பல் போர்ட்ஸ்மத்தில் இன்றும் இருக்கிறது. எது செலவுக்குத் தகும் என்பதைக் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை, கதையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

பிரெஞ்சுக் கொடியின் கீழ் அது இருந்தது ஐந்து வருடம். பிரிட்டிஷ் கொடியின் கீழ் 144. அப்படியும் கடைசி நாளில் பழைய கொடியையும் சேர்த்தே ஏற்ற வேண்டியிருந்தது. அது மரியாதைதான். ஆனால் இருவருமே வீட்டுக்குக் கூட்டிப்போகாத ஒருவருக்கு இருவரும் சேர்ந்து செய்த மரியாதை.

அதன் பின்புற அலங்கார முகப்பு கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கிறது. பழைய கப்பல்களைக் காக்கப் பின்னாளில் பேசியவர்கள் இந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டார்கள்: இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது.